படம் எடுக்காத பக்கம்

கள்ளப்பாடு, முல்லைத்தீவு
2024.06.06

மகன் கொலின்ஸுக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கொமினிகேசன் கடைத் தேனுகாவின் வாயால் நீ கேட்டால் அவள் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லுவாள்.

நேற்று, நான் இன்னும் முகம் காணாத உன் ஏஜென்ட் நிரோஜனைத் தேடி வவுனியாவுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று இரண்டு கிலோ இறாலை ஐஸ் போட்டுப் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒட்டுசுட்டான் தாண்டுவதற்குள் பெட்டி கசியத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ரீச்சர் அம்மா முதலில் மூக்கைப் பொத்தினா, பிறகு காலைத் தூக்கினா, நெடுங்கேணியில் எழும்பி வேறு இடம் பார்த்துக்கொண்டா. அங்கிருந்து வவுனியா வரைக்கும் இரண்டு பேருக்குரிய சீற்றில் நான் ஒருவனாக ராசா மாதிரிப் போனேன்.

கந்தோரின் உள் அறையில் பெரிய மேசைக்குப் பின்னால், நீளக்கைச் சேட்டுப் போட்ட ஒருவர் கதிரையில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், நான் கொலின்ஸின்ர அப்பா. கட்டாரில நிக்கிற பெடியன். இது எங்கட கடலின்ர இறால்" என்று இரண்டு கையாலும் நீட்டினேன். எழும்பி வாங்கினார். நான் நின்றபடியே அலுவலைச் சொல்லத் தொடங்கினேன். உன் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் திகதியோடு முடிகிறது, புதுப்பிக்கிற கடதாசி ஏஜென்சி மூலம்தான் வரவேண்டும் என்று கொம்பனி சொல்கிறது, நாங்கள் எடுக்கிற போனை இங்கே ஒருவரும் தூக்குகிறார்கள் இல்லை, கடதாசி இல்லாவிட்டால் உன் ஐடி கார்ட் செத்துப்போகும் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். மனுசன் கண் வெட்டாமல் கேட்டார். கடைசியில், "அண்ணை, நான் ஏசி திருத்த வந்தனான்" என்றார்.

பெட்டியைத் திருப்பித் தரப் பார்த்தார்தான். "பரவாயில்லை, உங்களுக்குத்தான் கொண்டு வந்தனான்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெயர் சுதாகரனாம். வாசலில் இருக்கிற பிள்ளை, "நிரோஜன் சேர் கொழும்புக்குப் போட்டார். நம்பரை எழுதி வைச்சிட்டுப் போங்கோ, வந்தவுடனே எடுப்பார்" என்றது. அங்கே நான் நம்பர் எழுதிக் கொடுத்தது இது ஐந்தாவது தடவை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தாய்தானே. பூசை முடிந்து வந்து கடற்கரையில் நின்று கதைத்தேன். நீ கடைசியில் என்னவோ கேட்டாய். நான் "ஓம் ஓம், சாப்பிட்டாச்சு" என்றேன். நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். ஷெல் கெடுத்த இடது காதையும் சோளகக் காற்றையும் வைத்துக்கொண்டு நான் போனில் என்னத்தைக் கதைக்கிறது? தேனுகாதான் வழி சொன்னாள். "மாமா, கொப்பியில எழுதிக்கொண்டு வாங்கோ. நான் படம் எடுத்து அண்ணாவுக்கு வட்சப்பில போடுறன். அவர் எழுதி அனுப்பினால் பிரின்ட் எடுத்துத் தாறன்." நீயும் கையால் எழுது. அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். எதை வாசிக்கிறது, எதை விழுங்குகிறது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றுக்கும் யோசியாதே.

அப்பா
ஞானப்பிரகாசம்


தோஹா
2024.06.12

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறையில் வாசித்துக் காட்டினேன். மதுசன் சிரித்துக் கட்டிலால் விழப் பார்த்தான். கிளிநொச்சிப் பெடியன் என்று சொன்னேனே, அவன்தான். அவனையும் இங்கே அனுப்பியது நிரோஜன்தான், அவனுக்கும் முப்பதாம் திகதியோடு முடிகிறது. சிரித்து முடிந்ததும் இரண்டு பேரும் கார்டை எடுத்துத் திகதியைத் திரும்பப் பார்த்தோம்.

நிரோஜனுக்கு நான் போட்ட மெசேஜ் நாற்பதுக்கு மேல். முதல் வாரம் வாசித்ததாகக் காட்டியது. இப்போது அதுவும் இல்லை. வட்சப்பில் தன் மகளின் பிறந்தநாள் படத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். அதனால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

எங்களை வேலைக்கு விட்டிருப்பது ஆட்களை வாடகைக்குக் கொடுக்கிற கொம்பனி. வேலை நடக்கிற இடத்தில் கேட்டால் கொம்பனியைக் கேள் என்கிறார்கள். கொம்பனியைக் கேட்டால், "எங்கள் பக்கத்தால் எல்லாம் அனுப்பியாயிற்று, உன் ஏஜென்டைக் கேள்" என்கிறார்கள். நேபாளப் பெடியன்கள் எல்லாருக்கும் புதுக் கார்ட் வந்துவிட்டது. அவர்கள் புதுக் கார்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது நான் குளிக்கப் போய்விடுவேன்.

ஞாயிறு போனில் கேட்டதை விடுங்கோ, அது பெரிய கதை இல்லை. இப்போது கேட்கிறதற்கு மறுமொழி சொல்லுங்கோ. முப்பதாம் திகதி வரைக்கும் கடதாசி வராவிட்டால், முதலாம் திகதி நான் வேலைக்குப் போகிறதா, அறையில் நிற்கிறதா? போனால் ஒரு பயம். நின்றால் வேறு பயம்.

கொலின்ஸ்


கள்ளப்பாடு
2024.06.17

மகன்,

ஏஜென்ட் ஒருதரம் போன் எடுத்தான். தேனுகாவின் புது நம்பரிலிருந்து அடித்தோம், யாரோ புது ஆள் பிடிபட்டிருக்கு என்று நினைத்திருப்பான். "அலுவல் நடந்துகொண்டிருக்கு தங்கச்சி, ரெண்டு நாளில சொல்லுறன்" என்றானாம். அந்த இரண்டு நாள் முடிந்து இன்றைக்கு ஆறாவது நாள். தேனுகாவின் நம்பரும் இப்போது அங்கே எடுபடாது.

அம்மா மாதாவுக்கு நேர்ந்துவிட்டா. வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்ந்துவிட்டா. இரண்டு பேரும் உடனே கேட்டுக்கொண்டார்களாம். ஏஜென்ட் ஒருவன்தான் கேட்கிறானில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நன்மை செய்தவன், உன் கொம்பனிச் சட்டம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலை. வாடைக் காற்று அடங்கி முதல் வலை வளைக்கிற அன்று விடிய, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவரையும் கூப்பிடுவதில்லை, ஒருவரிடமும் கேட்பதுமில்லை. தன் வலைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தவன் அந்த வருசம் முழுக்க அவருடைய ஆள். கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் வேறு வலை பார்க்க வேண்டியதுதான். இடம்பெயர்ந்த வருசங்களைத் தவிர்த்தால் முப்பது வருசம் நான் இப்படித்தான் இழுத்திருக்கிறேன். கயிற்றில் கை வைத்த பிறகு, நீ யார் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

அதனால் முதலாம் திகதி விடிய, மற்றவர்களோடு நீயும் பஸ்ஸில் ஏறு. கயிற்றை விடாதே. கண்ணுக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவனை எந்த முதலாளி கலைப்பான்? கடதாசி பின்னால் வரும்.

சூசைதாசனின் போட் இன்னும் விற்பனைக்கு நிற்கிறது. நான் அதைப் பார்க்கிறதில்லை. அது என்னைப் பார்க்கிறது. இன்னும் இரண்டு வருசம் பல்லைக் கடித்துக்கொண்டால் அறுபது வயதில் நான் அடுத்தவனின் கயிற்றை இழுக்கத் தேவையில்லை. அதற்காகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

அப்பா


தோஹா
2024.07.14

அப்பாவுக்கு,

இதை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

நீங்கள் சொன்ன மாதிரி முதலாம் திகதி பஸ்ஸில் ஏறினேன். மதுசனும் ஏறினான். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சொன்னது சரி என்று அவனுக்குச் சொன்னேன்.

பதினோராம் திகதி வேலை முடிந்து வரும் வழியில் பஸ்ஸை மறித்துக் கார்ட் பார்த்தார்கள். நான் பின்பக்கம் சாமான் சாக்குகளுக்கு இடையில் இருந்தேன். நித்திரை மாதிரிப் படுத்துவிட்டேன். மதுசன் முன்னால் இருந்தான். அவனிடம் முடிந்துபோன கார்ட்தான் இருந்தது. இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர்களும் பார்த்திருப்பார்கள். அதற்காகத்தான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் எங்கள் வேலையை மேற்பார்க்கிற போமனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு லிஸ்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் பெயர் இதில் முப்பதாம் திகதியோடு இல்லை, உன்னை யார் வரச் சொன்னது?" என்று கேட்டார். பத்து நாள் நான் வேலை செய்ததை அவர் கண்ணால் கண்டவர். இங்கே கயிறு என்று ஒன்றும் இல்லை அப்பா. லிஸ்ட் மட்டும்தான்.

இப்போது அறையை விட்டு வெளியே போவதில்லை. காலில் ஆணி ஏறி வீங்கியிருக்கிறது. கிளினிக்கில் முதல் கேட்பது கார்ட்டைத்தான், அதனால் உப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். கதவில் யாராவது தட்டினால் கட்டிலுக்குக் கீழே மதுசனின் சூட்கேஸுக்குப் பின்னால் போய்ப் படுக்கிறேன். நேற்றுத் தட்டியது தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தவன்.

உங்களைக் குறை சொல்லி எழுதவில்லை.

கொலின்ஸ்


கள்ளப்பாடு
2024.07.20

மகன்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். நான் வாசித்ததில் உனக்கு ஓவர்டைம் கிடைத்திருக்கிறது, மதுசனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அம்மா, "அவன்ர காலைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டா. காலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எப்படிக் கேட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கனவு கண்டாவாம்.

கயிற்றுக் கதை என் பிழை. என் கடலில் செல்லுகிற காசை உன் கடையில் கொடுத்து ஏமாந்துபோனேன். நீ குறை சொல்லாதது எனக்கு இன்னும் கூடப் பாரம்.

முந்தாநாள் திரும்பவும் வவுனியாவுக்குப் போனேன். இந்தமுறை இறால் இல்லை. கந்தோர் வாசலில் பலகையைக் காணவில்லை, அது இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும். ஏணியில் ஒருவர் நின்று ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இறால் அண்ணையோ?" என்றார். சுதாகரன்தான். கட்டடக்காரன் கழற்றச் சொன்னானாம். நிரோஜன் போய்ப் பத்து நாளாம். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. வாசலில் இருந்த பிள்ளையும் சம்பளத்துக்காக அவனைத்தான் தேடுகிறதாம்.

 அங்கேயே படியில் குந்திவிட்டேன். அவர் இறங்கி வந்து, "அண்ணை, இந்தக் கந்தோரில உங்கட கதையை முழுசாக் கேட்ட ஆள் நான் ஒருத்தன்தான். எழும்புங்கோ, பைலைத் தேடுவம்" என்றார்.

உள்ளே நிலம் முழுக்கக் கடதாசி. எத்தனை பிள்ளைகளின் முகம் தெரியுமோ, பாஸ்போட் சைசில். இரண்டு மணித்தியாலம் இருவரும் முழங்காலில் நின்று தேடினோம். அலுமாரியின் கீழ்த் தட்டில் உன் பைல் இருந்தது. மதுசனுடையதும் இருந்தது. உனக்குரிய புது ஒப்பந்தம் அதற்குள்தான் இருந்தது, மகன். கொம்பனி சித்திரை மாதமே அனுப்பியிருக்கிறது. நீ கையெழுத்து வைக்கிற இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. ஜூன் பதினைந்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று போட்டிருப்பதைச் சுதாகரன் வாசித்துச் சொன்னார். நான் இறாலை நீட்டிக்கொண்டு நின்ற அன்று, அது எனக்குப் பின்னால் அந்த அலுமாரிக்குள் இருந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் இருந்திருக்கிறது.

எல்லாப் பக்கத்தையும் தேனுகா படம் எடுத்து இத்தோடு அனுப்புகிறாள். நீ ஓடி ஒளிந்தவன் இல்லை, கடதாசி உன் கைக்கு வரவில்லை என்பதற்கு இது சாட்சி. தூதரகத்தில் தொழிலாளர் அலுவல் பார்க்கிற பகுதி இருக்கிறதாம், அங்கே காட்டச் சொல்கிறார் சுதாகரன். மதுசனின் கடதாசிகளும் இருக்கின்றன. அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரி.

காலுக்கு மஞ்சள் கிடைக்குமோ அங்கே?

அப்பா


தோஹா
2024.07.27

அப்பாவுக்கு,

கடதாசிகளைப் பார்த்தேன். என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். சம்பளமும் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் வீக்கம் வற்றிவிட்டது.

இரண்டு வழி இருக்கிறது. பழைய பஸ் டிரைவர் ஒருவர், நகரத்துக்கு வெளியே தோட்டம் ஒன்றில் வேலை இருக்கிறது என்கிறார். கார்ட் கேட்கமாட்டார்களாம். தோட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது. இரண்டு வருசம் நின்றால் போட் வாங்கலாம். ஆனால் நோய் வருத்தம் வந்தாலும், பிடிபட்டாலும், நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு ஒரு கடதாசியும் இல்லை. செத்தாலும்தான்.

மற்றது, இந்தப் படங்களோடு தூதரகத்துக்குப் போவது. அவர்கள் குடிவரவுக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். சில நாள் உள்ளே வைத்து ஊருக்கு அனுப்புவார்களாம். சில நாள் என்றால் எத்தனை என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. போனை வாங்கி வைப்பார்கள். திரும்ப இந்த நாட்டுக்கு வர ஏலாமலும் போகலாம்.

நானாக முடிவெடுக்கத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கோ. டிரைவர் முதலாம் திகதி வரைக்கும்தான் பார்ப்பாராம்.

கொலின்ஸ்


கள்ளப்பாடு
2024.07.29

வா.

போட் வேண்டாம். சூசைதாசனிடம் வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். தோட்டத்துக்குப் போகாதே. சேவ் எடுத்து, நல்ல சேட்டாகப் போட்டுக்கொண்டு தூதரகத்துக்குப் போ. கேட்கிறதற்கு மட்டும் மறுமொழி சொல். செபமாலையைச் சட்டைப் பைக்குள் வை.

அம்மாவுக்கு உண்மையான கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கு வாசித்துவிட்டேன். அவா அழவில்லை. "உங்கட வாசிப்பு நல்லாயில்லை எண்டு எனக்கு முதலே தெரியும்" என்றா.

அப்பா


கள்ளப்பாடு
2024.08.11

மகன்,

இது போகாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஒன்பதாம் திகதி போட்ட கடிதத்துக்கும் ஒற்றைச் சரி அடையாளம்தான் நிற்கிறது என்கிறாள் தேனுகா. ஒன்று என்றால் இங்கிருந்து போய்விட்டது, இரண்டு என்றால் உன்னிடம் வந்துவிட்டது. நீ தூதரகத்துக்குப் போன அன்றிலிருந்து பதினொரு நாளாக எதைப் போட்டாலும் ஒன்றுதான். காலையில் கடை திறக்க முதல் நான் போய் வாசலில் நிற்கிறேன். தேனுகா போனைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கடையைக் கூட்டுகிறாள்.

நேற்று வலை இழுக்கும்போது கயிறு என் கையால் வழுக்கிப் போய்விட்டது. முப்பது வருசத்தில் இது முதல் தடவை. பெடியன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு உன் கட்டிலில் படுத்தேன், நித்திரை வரவில்லை. கோயில் மணி அடித்தால்கூட யாரோ என்னவோ சொல்ல வருகிறார்கள் என்று எழும்பி வாசலுக்குப் போகிறேன்.

சாப்பாடு தருகிறார்களோ?

அப்பா


தோஹா
2024.08.19

அப்பாவுக்கு,

என் போனைத் திருப்பித் தந்துவிட்டார்கள். உங்கள் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. சாப்பாடு தந்தார்கள்.

பதினெட்டு நாள். உள்ளே போன அன்றே மதுசனைக் கண்டேன். மெலிந்துவிட்டான். என்னைக் கண்டதும் முதல் கேட்டது, "இறால் அப்பா என்ன சொல்லுறார்?" சுதாகரன் அண்ணை தேடித் தந்த கடதாசிகளைத் தூதரகத்துப் பெண் ஒருவர் கொண்டுவந்து காட்டி இருவருக்காகவும் கதைத்தார். இருவரும் ஒரே விமானம். 24ஆம் திகதி சனிக்கிழமை விடிய கட்டுநாயக்கா. திரும்ப இங்கே வரமுடியாது என்று கையெழுத்து வாங்கினார்கள். வைத்துவிட்டேன்.

ஒரு சாமான் கொண்டுவருகிறேன். தூதரகத்துக்குப் போவதற்கு முதல் நாள், கையில் இருந்ததைக் கொடுத்து உங்களுக்குக் காது கேட்கிற மெசின் ஒன்று வாங்கினேன். உள்ளே போனபோது அதையும் பெட்டியோடு பறித்து வைத்திருந்துவிட்டு நேற்றுத் தந்தார்கள். வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டிப் பொருத்துவோம்.

ஜூன் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்டது என்ன என்று இப்போது சொல்கிறேன். "அப்பா, முப்பதாம் திகதியோட நான் வந்திடட்டோ?" என்று கேட்டேன். அப்போது கார்ட் இருந்தது, நேராக வந்திருக்கலாம். உங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வா என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டாம் தரம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் பிழையும் இல்லை, என் பிழையும் இல்லை. அந்தக் காதின் பிழை.

அதற்குத்தான் மெசின்.

கொலின்ஸ்


கள்ளப்பாடு
2024.08.21

மகன்,

இரண்டு சரி அடையாளத்தைத் தேனுகா பெரிதாக்கிக் காட்டினாள். அம்மா கடை வாசலிலேயே முழங்காலில் இருந்துவிட்டா. சாமான் வாங்க வந்த சனம் சுற்றிக்கொண்டு போனது.

சுதாகரன் தன் வான் வண்டியைக் கொண்டுவருகிறார். நான், அம்மா, மதுசனின் தாய், எல்லாரும் வெள்ளி பின்னேரமே வெளிக்கிடுகிறோம். அவர் அந்த றெஜிபோம் பெட்டியைக் கழுவி, உள்ளே மாம்பழம் வைத்துத் திருப்பித் தந்தார். மாம்பழம் இறால் மணக்கிறது. விமான நிலையத்தில் நீளக்கைச் சேட்டோடு யாரைக் கண்டாலும் ஒன்றும் நீட்டக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறா.

குளிர் வாகனத்துக்குத் தடித்த சேட் ஒன்று கொண்டுவருகிறோம். கவனமாக வா.

அப்பா

இந்தப் பக்கத்தைத் தேனுகாவிடம் கொடுக்கமாட்டேன். மேலே உள்ளதோடு அவள் படம் எடுத்து முடித்துவிடுவாள். இது கொப்பியிலேயே கிடக்கட்டும்.

மகன், ஷெல் கெடுத்தது இடது காதை. போனை நான் எப்போதும் வலது காதில்தான் வைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காற்றும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடந்தது. எனக்கு முன்னால் சூசைதாசனின் போட் நின்றது, நீலமும் வெள்ளையும். அதில் என்ன பெயர் எழுதுகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் நீ கேட்டாய். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்பதற்கு முதல் நீ மூச்சை இழுத்ததும் கேட்டது.

"ஓம் ஓம், சாப்பிட்டாச்சு" என்றேன்.

அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவும் இல்லை.